‘நிறைய’ என்றால் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ஒரு பள்ளி மாணவர்கள் ஒரே மணி நேரத்தில் 41 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்து ‘சாதனை’ படைத்ததாகப் படத்தோடு செய்தி வந்திருந்தது. படத்தில் பேனர் இருந்தது, சால்வை இருந்தது, கேடயம் இருந்தது. பறவை இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டிவந்து அண்ணாந்து பார்க்க வைத்த ஆசிரியர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் அந்தச் ‘சாதனை’ என்ற சொல் நாலைந்து நாளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, 31 வருடம் கழித்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வேலை. அண்ணாந்து பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. லைன் போகிற வழியே காடு மேடெல்லாம் நடந்து, எந்த இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கிறது, எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த வேப்பங்கிளை கம்பியில் உரசுகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்போது கம்பி மேல் உட்கார்ந்திருக்கிறவர்களையும் பார்க்காமல் இருக்க முடியாது. கரிச்சான், பஞ்சுருட்டான், மணிப்புறா, கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் மீன்கொத்தி. அப்புறம் பனங்காடை.

பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மண் பூசின பொம்மை மாதிரி மங்கலாக இருக்கும். பார்க்கிறவர்கள் இது என்ன குருவி என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கீழே புல்லில் ஒரு வெட்டுக்கிளியோ வண்டோ அசைந்தால் போதும், இறக்கையை விரித்துக்கொண்டு இறங்கும். அந்த நீலம் இருக்கிறதே, இளநீலமும் அடர்நீலமும் பட்டை பட்டையாக, சாயப்பட்டறை வைத்திருக்கிறவர்களும் பார்த்துப் பொறாமைப்படுகிற நீலம். பிடித்ததைக் கம்பிக்கே கொண்டுவந்து இரண்டு தட்டு தட்டி விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி மண்பொம்மையாகிவிடும். பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். அந்த மொட்டைப் பனைகளைத்தான் நாம் முதலில் சாய்க்கிறோம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். போன வருடம் ஒரு நாள் பனங்காடையைக் காட்டினேன். அவள் கேட்டாள்:

“ஏனுங் அப்புச்சி, நீங்க வேலைக்குப் போறப்ப இது எத்தனை இருந்துதுங்க?”

“நிறைய இருந்துது கண்ணு.”

“நிறையன்னா எத்தனைங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பள்ளிக்கூட முக்கு வரை 22 கம்பம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த 22 கம்பத்துக்கு நடுவில் அன்றைக்கு எத்தனை பனங்காடை இருந்தது என்று தெரியாது. பதிவேடு எழுதாதவனும் இல்லை நான். உடைந்த இன்சுலேட்டரைத் தேதி போட்டு, கம்பத்தின் எண் போட்டு எழுதியிருக்கிறேன். அதே கம்பியில் உட்கார்ந்திருந்ததை 31 வருடத்தில் ஒரு நாளும் எழுதவில்லை. இப்போது விடியற்காலையில் அந்த 22 கம்பத்தையும் நடந்தால் ஒன்று இருக்கிறது, சில நாள் இரண்டு, பல நாள் ஒன்றுமே இல்லை. முன்னைக்குக் குறைவு என்று என் மனசு சொல்கிறது. மனசு சொல்வதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுபது தாண்டிவிட்டால் எல்லாருக்கும் அந்தக் காலத்தில் மழை அதிகம், மாங்காயும் பெரிசு.

எழுதி வைத்தவர்கள் வேறு எங்கெங்கோ இருந்திருக்கிறார்கள். 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர் தங்கள் ஊரில் பார்த்ததை எழுதி அனுப்பிய 3 கோடிப் பதிவுகளை வைத்து, 942 வகைப் பறவைகளை அலசியிருந்தார்கள். அதில் 30 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்துபோன, அபாய நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று சொல்லப்பட்ட 14 வகைகளில் பனங்காடையும் ஒன்று. என் மனசு சொன்னதும் அதுவும் ஒத்துப்போகிறது. ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் காட்டு லைனிலிருந்து ஒரு வரிகூடக் கிடையாது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுவதும் பறவை எண்ணுகிறார்கள். 1998-ல் வட அமெரிக்காவில் தொடங்கியது, 2013-லிருந்து இந்தியாவிலும் நடக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே 2015 முதல் பொங்கல் நாட்களில் தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. பிப்ரவரிக் கணக்கெடுப்பை ஒட்டி என் பேத்தியின் பள்ளியில் (பெயர் வேண்டாம்) போட்டி வைத்தார்கள். வளாகத்துக்குள் 20 நிமிடம், அதிக வகை எழுதுகிறவர்களுக்கு முதல் பரிசு. நேரம் காலை பதினொன்றரை. வெயில் ஏறியபின் எந்தப் பறவை வெளியே வந்து நிற்கும்? காகமும் மேலே வட்டமடிக்கிற கரும்பருந்தும்தான்.

முதல் பரிசு வாங்கிய பட்டியலில் 31 வகை. அதில் ‘மரகதப்புறா - 2’ என்று இருந்தது. மரகதப்புறா அடர்ந்த காட்டில் தரையோரம் மேய்கிற பறவை. அந்த வளாகத்தில் நிற்பது நாலு வேம்பும் ஒரு புங்கனும். ஆனால் பொது அறிவுப் புத்தகத்தில் ‘தமிழ்நாட்டின் மாநிலப் பறவை: மரகதப்புறா’ என்று இருக்கிறது அல்லவா, பையன் அதை எழுதிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதிகம் எழுதினால் பரிசு என்றால் அவன் வயதில் நானும் அன்னப்பறவை வரைக்கும் எழுதியிருப்பேன். ஆசிரியை மேலும் கோபம் இல்லை. மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்றிவிட்டு, மிச்ச நேரத்தில் அறுபது தாளைத் திருத்துகிறார்.

என் பேத்தியின் தாளில் ஒன்பது வகைதான். பத்தாவதாக ‘சிட்டுக்குருவி - 0’ என்று எழுதியிருந்தாள். அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துத்தான்.

ஏனென்றால் அந்தப் பூஜ்யம்தான் அன்றைக்கு அந்த வளாகத்தில் நடந்த அறிவியல். பள்ளிக்கு எதிர்ச்சாரியில், கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய அரிசி ஆலை இருக்கிறது. காங்கயத்துக்காரர்களுக்கு அரிசி ஆலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும்போது பேத்தியும் நானும் அந்த ஆலை வாசலில் நின்று எண்ணினோம். நெல் காயப்போட்ட களத்தில் மட்டும் ஒரே சமயத்தில் 34 சிட்டுக்குருவி. ஓட்டுக் கூரையின் சந்துகளில் வைக்கோலைச் சொருகிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. இந்தப் பக்கம் 34, ரோட்டைத் தாண்டினால் 0. “ஏனுங்க அப்புச்சி அப்படி?” என்றாள். செல்போன் டவர்தான் குருவியை ஒழித்தது என்று எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். அவள் மேலே காட்டினாள். டவர் நிற்பதே ஆலைக்கு அடுத்த கட்டடத்து மொட்டை மாடியில்தான்.

டவரால் ஒன்றுமே ஆகாது என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சிந்தின நெல், ஓட்டுச் சந்து, புழுப்பூச்சி, என்னென்ன காரணமோ. இந்தியாவின் பெரிய நகரங்களில் குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை என்று 2020-ல் வந்த அறிக்கை சொன்னது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்ததே, அது எங்கிருந்து கிடைத்தது? அந்தத் தேவையில்லாத பூஜ்யத்திலிருந்து.

பறவை எண்ணுகிற வழக்கம் தொடங்கிய கதையே வேடிக்கையானது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, யார் அதிகப் பறவைகளைச் சுட்டுக் குவிப்பது என்று போட்டி போடுவார்களாம். 1900-ல் பிராங்க் சாப்மேன் என்கிற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார். அந்த வருடம் 27 பேர் எண்ணினார்கள். இன்றுவரை அது நிற்காமல் நடக்கிறது. போட்டிக்கு மாற்றாகப் பிறந்த ஒரு காரியத்தை நாம் சால்வை போட்டு மறுபடி போட்டியாக்கிவிட்டோம்.

வேறு எப்படிச் செய்வது என்று கேட்கலாம். நானும் பேத்தியும் செய்வதைச் சொல்கிறேன், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போன ஜூனிலிருந்து சனிக்கிழமை காலை 6.45-லிருந்து 7 மணி வரை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி நிற்கிற மண்பாதையில் நிற்போம். அதே இடம், அதே கால் மணி. கோடு போட்ட நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா என்று எழுதிவிட்டு, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுவோம். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுவோம். காகத்தை ‘காகம்தானே’ என்று விடுவதில்லை. எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. போன பறவையே திரும்பி வரும். ஆகவே கால் மணி நேரத்தில் ஒரே சமயம் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். சோளம் பால் பிடிக்கிற காலத்தில் சூறைக்குருவிக் கூட்டம் வந்து இறங்கினால் ஒன்றொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணிக்கொண்டு, கூட்டத்தில் அந்த மாதிரிப் பத்து எத்தனை இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். பட்டியில் ஆடு அடைக்கிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை, படலைத் திறந்து இரண்டிரண்டாக விட்டு எண்ணுகிற கண் அது.

லீவு, மழை, காய்ச்சல் போக இதுவரை 24 சனிக்கிழமை எழுதியிருக்கிறோம். அதில் பனங்காடை 6 நாள் வந்திருக்கிறது. “அப்படின்னா 25 சதவீதமுங்க அப்புச்சி” என்று பேத்தி உடனே சொன்னாள். ஏழாம் வகுப்புக் கணக்கில் சதவீதம் வருகிறது. புத்தகத்தில் பேனா வாங்கி விற்று லாப நட்டம் பார்ப்பதோடு, இதையும் ஒரு பயிற்சியாக வைத்தால் என்ன? இந்தப் பறவை எத்தனை பட்டியலில் வந்தது, எத்தனையில் வரவில்லை என்ற இந்த விகிதத்தை வைத்துத்தான் அந்தப் பெரிய அறிக்கைகளிலும் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார்கள். இல்லாத நாட்களை எழுதாவிட்டால் கீழே வகுப்பதற்கு எண்ணே கிடையாது. செல்போனில் இ-பேர்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. அதிலும் பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று போட்டால்தான் நீங்கள் எழுதாத பறவை அங்கே இல்லை என்று அதற்குப் புரியும்.

ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் கிளுவை வேலி மேல் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து உட்கார்ந்தது. ஆசியாவின் வடகோடியிலிருந்து குளிருக்கு இங்கே வருகிற பறவையாம். அன்றிலிருந்து அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் அதே வேலி, ஏறக்குறைய அதே குச்சி. பேத்தி அதற்கு ‘வாட்ச்மேன்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். அது எந்தச் சனிக்கிழமை காணாமல் போகிறது என்பதற்காக இப்போது காத்திருக்கிறோம். அந்தத் தேதியை எழுதி வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிடலாம்.

ஒரு முறை பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்களோடு நிற்க வந்தார்கள். பறவையைவிட அவர்களுக்கு ஒரு சந்தேகம்தான் பெரிதாக இருந்தது: கம்பியில் உட்கார்ந்தால் ஏன் ஷாக் அடிப்பதில்லை? இது என் பாடம் அல்லவா, விடுவேனா! இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கிறவரை மின்னழுத்தத்தில் வித்தியாசம் இல்லை, அதனால் உடம்பு வழியாக மின்சாரம் பாய்வதில்லை. மயில் மாதிரி பெரிய பறவை இறக்கையை விரித்துப் பக்கத்துக் கம்பியையும் தொட்டால் அதன் கதையும் முடிந்தது, அந்த லைன் முழுக்கக் கரண்டும் போய்விடும். அந்த மாதிரி விழுந்த மயில்களை என் கையால் எடுத்திருக்கிறேன். பாடப் புத்தகத்து மின்சாரமும் பறவையும் ஒரே கம்பியில் இருப்பதை அன்றைக்குத்தான் பிள்ளைகள் பார்த்தார்கள்.

மயில் என்றதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதைச் சொல்லாமல் விட முடியாது. நிலக்கடலை விதைத்தால் விதையையே பொறுக்கிவிடுகிறது, தக்காளி பழுத்தால் கொத்திப் போடுகிறது என்று அவருக்குத் தீராத ஆவலாதி. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, கல்லெடுத்து எறியவும் யோசிக்க வேண்டும். நாங்கள் நோட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து, “மயில எண்ணி என்னத்துக்குக் கண்ணு ஆகப்போகுது?” என்று சிரித்தவர், இரண்டு வாரம் கழித்து அவராகவே வேலியோரம் வந்தார். “பத்துக்கு எட்டுன்னு கொறச்சுப் போட்டுறாத. உள்ளது உள்ளபடி எழுதோணும். நாளைக்கு நஷ்டஈடு கேக்கப் போனா காட்டறதுக்கு ஆகும்” என்றார். பறவையை நேசிக்கிறவருக்கும் விரட்டுகிறவருக்கும் ஒரே நோட்டு உபயோகப்படும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

பள்ளிகள் பிள்ளைகளை நஞ்சராயன் குளம், வெள்ளோடு பறவைச் சரணாலயங்களுக்கு பஸ் வைத்துக் கூட்டிப்போகின்றன. நல்லதுதான். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை, பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் அங்கே எண்ணுவதற்கு வனத்துறை இருக்கிறது, கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இட்டேரியை யார் எண்ணுகிறார்கள்? இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடியுமாக நின்ற இட்டேரிகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைனை விட்டு வழித்தெடுத்து, கம்பிவேலி போட்டுவருகிறார்கள். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்கள் மனையாகின்றன. அங்கே இருந்த கௌதாரி, செம்போத்து, ஆட்காட்டி எல்லாம் போனபிறகு யாராவது ஒரு பேத்தி எத்தனை இருந்தது என்று கேட்டால், மறுபடி ஒரு கிழவன் ‘நிறைய’ என்பான்.

ஆகவே கல்வித்துறையிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். வாரத்தில் ஒரு நாள், காலை வழிபாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம், வகுப்புக்கு ஒரு நோட்டு. பரிசு வேண்டாம், பைனாகுலர்கூட முதலில் வேண்டாம். பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால் வருடத்தில் ஒரு வாரமும் விடாமல் எழுதிய வகுப்புக்குக் கொடுங்கள், ஒன்பது வகைதான் பார்த்திருந்தாலும் சரி. நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் அடுத்த வருடம் வருகிற வகுப்பிடம் ஒப்படையுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஈரோட்டு மஞ்சள் விலை, நாமக்கல் முட்டை விலை, காங்கயம் கொப்பரை விலை, அமராவதி அணையின் நீர்மட்டம் எல்லாம் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. அந்தப் பத்தியின் அடியில் நாலு விரல் இடம் ஒதுக்கி, வாரம் ஒரு பள்ளியின் பறவைக் கணக்கைப் போட முடியுமா? அணையில் தண்ணீர் இல்லாத நாளிலும் நீர்மட்டத்தைப் போடுகிறீர்கள். அதே மாதிரி குருவி இல்லாவிட்டாலும் 0 என்று போட வேண்டும். முதல் வாரத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் எங்கள் இட்டேரிக் கணக்கை அனுப்புகிறேன். சென்ற சனிக்கிழமை: காகம் 8, மைனா 6, தவிட்டுக்குருவி 17, மணிப்புறா 4, கரிச்சான் 3, செம்போத்து 1, மயில் 10, பழுப்புக் கீச்சான் 1, பனங்காடை 0.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
காங்கயம் வட்டம்.

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் பேத்தியிடம் படித்துக் காட்டினேன். தவிட்டுக்குருவி 17 இல்லையாம், 11-தானாம். ஆறு குருவி வேலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததை நான் இரண்டு தடவை எண்ணிவிட்டேனாம். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன், அச்சில் போடும்போது 11 என்று போடவும்.